போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு: ஓர் ஊரின் ஆபத்தைக் கணக்கிடும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஊராட்சிகளில் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இல்லாத அலுவலகம் அரிது. அதில் 'ஃபுளோரைடு 2.4' என்று ஓர் எண் இருக்கும். எதிரே 'அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகம்' என்று முத்திரை இருக்கும். அந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள், எவ்வளவு குடிக்கிறார்கள், அதில் சமைக்கிறார்களா, வீட்டில் கைக்குழந்தை உண்டா என்பதெல்லாம் அதில் இருக்காது. அறிக்கை கிணற்றைப் பற்றிச் சொல்கிறது. ஆபத்து மதிப்பீடு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வேலையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். சுகாதாரப் பணியாளர்கள், கல்லூரி மாணவர்கள், ஊராட்சியில் தண்ணீர் வேலை பார்ப்பவர்கள் யாரும் செய்யலாம். ஆய்வகச் சோதனை தவிர மற்றதற்கெல்லாம் ஒரு தராசு, ஒரு லிட்டர் குவளை, நோட்டு, கால்குலேட்டர் போதும்.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1983-இல் வகுத்த நான்கு படிகளைத்தான் உலகம் முழுக்க இன்றும் பின்பற்றுகிறார்கள்: எது கெடுதல் என்று அடையாளம் காண்பது, எவ்வளவு போனால் என்ன ஆகும் என்று அறிவது, உண்மையில் எவ்வளவு உடம்புக்குள் போகிறது என்று அளப்பது, மூன்றையும் சேர்த்து ஆபத்தைச் சொல்வது. ஃபுளோரைடைப் பொறுத்தவரை முதல் இரண்டுக்கும் உலக அளவில் நிறையச் சான்று சேர்ந்துவிட்டது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் 1937-லேயே எலும்பு வளைந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். மூன்றாவது படியை மட்டும் அந்தந்த ஊரில்தான் செய்ய முடியும். தப்பு நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் இரண்டு அளவுகோல்கள்

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 (2012) குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5-தான். ஆனால் இவை தண்ணீருக்கான எல்லைகள். மனிதருக்கான எல்லையை 'ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் இத்தனை மில்லிகிராம்' என்று வைக்க வேண்டும்.

இப்படி உடம்பு தாங்கக்கூடியது என்று வைக்கும் எல்லைதான் தாங்கு அளவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபுளோரைடுக்கு வைத்திருக்கும் தாங்கு அளவு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.06 மி.கி. கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாமல் அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 20 கிலோ குழந்தை லிட்டருக்கு 1 மி.கி. உள்ள தண்ணீரை நாளுக்கு ஒரு லிட்டர் குடித்தால் 0.05. உணவிலிருந்து வருவது 0.01. கூட்டினால் 0.06. காக்க நினைத்தது முளைக்கும் பற்களின் பூச்சை.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, அந்த 0.06-க்குள் உணவின் பங்கும் அடக்கம். தண்ணீரை மட்டும் கணக்கிட்டு 0.06-ஆல் வகுப்பவர்கள் ஆபத்தைக் குறைத்துச் சொல்கிறார்கள். இரண்டு, பல் உருவாகி முடிந்த பெரியவருக்கு இந்த எண் நேராகப் பொருந்தாது. அவருக்குப் பார்க்க வேண்டியது எலும்பு. எலும்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு வேறு: எல்லா வழிகளிலும் சேர்த்து ஒரு நாளுக்கு சுமார் 6 மில்லிகிராமைத் தாண்டினால் எலும்புப் பாதிப்பு கூடும் அறிகுறி உண்டு, 14 மில்லிகிராமில் ஆபத்து தெளிவு. குழந்தைக்கு ஒரு கோல், பெரியவருக்கு வேறு கோல். ஆய்வுக் கட்டுரைகளிலேயே இதைப் பலர் கலந்துவிடுகிறார்கள்.

மாதிரி எடுப்பது

பாலித்தீன் பாட்டிலில் எடுங்கள். கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். 500 மில்லி போதும். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். அமிலம், மருந்து எதுவும் சேர்க்கத் தேவையில்லை. 28 நாள் வரை வைத்துச் சோதிக்கலாம். அடிபம்போ மோட்டாரோ, குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போகும்வரை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். கையில் மின்கடத்துத்திறன் மீட்டர் இருந்தால் அதன் எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை காத்திருங்கள்.

போர் வாயில் எடுத்தது மட்டும் போதாது. மேல்நிலைத் தொட்டியில் இரண்டு மூன்று போர்களின் தண்ணீர் கலந்திருக்கும். சில நாள் காவிரித் தண்ணீரும் சேரும். வீட்டுக் குடத்திலிருந்தும் மாதிரி எடுங்கள். குடத்தில் இருப்பதுதான் வாய்க்குப் போகிறது.

மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒருமுறை என்று குறைந்தது இரண்டு பருவம் வேண்டும். ஒரே மாதிரியை வைத்து முப்பது வருடத்து ஆபத்தைச் சொல்ல முடியாது. பத்து மாதிரிக்கு ஒன்றை இரட்டையாக எடுத்து வெவ்வேறு எண்ணிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரண்டும் ஒத்து வராவிட்டால் அந்தத் தொகுதி முழுவதையும் திரும்பச் செய்யச் சொல்லலாம். போரின் ஆழம், போட்ட வருடம், பம்பு நிற்கும் ஆழம் இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வக எண்ணை நம்பலாமா

அயனித் தேர்வு மின்முனை முறை நம்பகமானது. மாதிரியோடு அதே அளவு டிசாப் (TISAB) கரைசல் சேர்க்க வேண்டும். அது பி.எச்.-ஐ 5-க்கும் 5.5-க்கும் இடையில் நிறுத்தும். அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்ட ஃபுளோரைடையும் விடுவிக்கும். மாதிரியும், ஒப்பிட வைக்கும் செறிவு தெரிந்த திட்டக் கரைசலும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் எண் தப்பாகும்.

ஸ்பேட்ன்ஸ் என்ற நிறமறியும் முறைதான் பல இடங்களில் நடக்கிறது. அது 1.4 மி.கி. வரைதான் ஒழுங்காக அளக்கும். அதற்கு மேல் உள்ள மாதிரியைக் காய்ச்சி வடித்த நீரால் நீர்க்கச் செய்து அளந்து, பிறகு பெருக்க வேண்டும். ஓர் ஊரின் எல்லாப் போர்களும் 1.4, 1.5 என்றே வந்திருந்தால், நீர்க்காமல் அளந்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டுக் கேளுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் இந்த முறையில் எண்ணைக் கெடுக்கும். முதலில் குளோரினை நீக்கிவிட வேண்டும்.

இன்னொரு சோதனையை நீங்களே செய்யலாம். கால்சியமும் ஃபுளோரைடும் ஒரே தண்ணீரில் நிறைய இருக்க முடியாது. கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும். கிரானைட், நைஸ் பாறைகளிலிருந்து வரும் சோடியம் பைகார்பனேட் மிகுந்த, கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் ஃபுளோரைடு ஏறும். அறிக்கையில் கால்சியம் 150, ஃபுளோரைடு 5 என்று இருந்தால் இரண்டில் ஒன்று பிழை.

வீட்டில் அளப்பது

முழு மதிப்பீட்டின் உயிர் இங்கே இருக்கிறது. பாடப்புத்தகங்கள் பெரியவருக்கு 70 கிலோ, 2 லிட்டர் என்று ஓர் எண்ணைத் தந்துவிடுகின்றன. ஏப்ரல் வெயிலில் கல் உடைப்பவரும் களையெடுப்பவரும் இரண்டு லிட்டரோடு நிற்கமாட்டார்கள்.

'ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிப்பீர்கள்' என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வீட்டுச் சொம்பை வாங்கி லிட்டர் குவளையால் அளந்துகொள்ளுங்கள். பிறகு எத்தனை சொம்பு என்று கேளுங்கள். காலை எழுந்ததும், வேலைக்குப் போகும்போது எடுத்துப்போகும் பாட்டில், காட்டில் குடித்தது, சாப்பாட்டோடு, இரவு என்று நாளைப் பிரித்துக் கேட்டால் விடுபடாது. காட்டில் குடிக்கும் தண்ணீர் வேறு போரிலிருந்து வரும். அதைத் தனி வரியில் எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளித் தண்ணீரும் அப்படியே. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனியாகக் கேட்டு, மாதக்கணக்கில் சராசரி எடுங்கள்.

சமையல் தண்ணீரை விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. கொதித்தால் ஃபுளோரைடு ஆவியாகாது. தண்ணீர் வற்ற வற்ற மிஞ்சியதில் செறிவு ஏறும். ஆகவே வெந்த சோற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். பானையில் எவ்வளவு ஊற்றினார்கள் என்று பாருங்கள். குக்கரில் வைத்த சாதத்துக்கு ஊற்றியது முழுவதும் கணக்கு. வடித்த சாதம் என்றால் கஞ்சியோடு ஒரு பங்கு போய்விடும். அந்தக் கஞ்சியையும் குடிக்கிற வீடானால் கழிக்கக் கூடாது. ராகிக் களி இந்தப் பகுதியின் அன்றாடச் சாப்பாடு. களிக்கு ஊற்றும் தண்ணீர் அப்படியே உருண்டைக்குள் தங்கிவிடும். சாம்பார், ரசம், பருப்பு வேகவைத்த நீர், கூழ் எல்லாவற்றையும் ஒரு நாள் கூடவே இருந்து குவளையால் அளந்தால், அந்த வீட்டுக்கு நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் என்று கிடைக்கும். சாப்பிடும் அளவைப் பார்த்து ஆளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தேநீரைத் தனியாகக் குறியுங்கள். தேயிலையே ஃபுளோரைடைச் சேர்த்து வைக்கும் செடி. நாளுக்கு நான்கைந்து கடைத் தேநீர் குடிப்பவருக்கு அது சிறிய அளவல்ல.

எடையை ஊகிக்காமல் தராசில் நிறுத்துங்கள். பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், கைக்குழந்தை ஒவ்வொருவருக்கும் தனி வரி. குளிப்பது, துவைப்பதால் தோல் வழியே போகும் ஃபுளோரைடு பொருட்படுத்த வேண்டாத அளவு. அதற்காகத் தனிச் சமன்பாடு போட்டுப் பக்கத்தை நிரப்ப வேண்டியதில்லை.

கணக்கு

ஒவ்வொரு தண்ணீருக்கும் அதன் செறிவை (லிட்டருக்கு மி.கி.) உட்கொண்ட லிட்டரால் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி உடல் எடையால் வகுங்கள். உணவுக்காக 0.01 சேருங்கள். வருவதைத் தாங்கு அளவான 0.06-ஆல் வகுத்தால் ஆபத்து ஈவு கிடைக்கும். பொதுச் சூத்திரத்தில் வருடத்துக்கு எத்தனை நாள், எத்தனை வருடம், சராசரி எடுக்கும் காலம் என்று மேலும் மூன்று எண்கள் வரும். ஆண்டு முழுவதும் குடிக்கும் தண்ணீருக்கு, புற்றுநோய் அல்லாத பாதிப்பைக் கணக்கிடும்போது அவை மேலும் கீழும் அடிபட்டுவிடும்.

போர்த் தண்ணீரில் 2.4 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வயதுக் குழந்தை, 16 கிலோ. குடிப்பது 1 லிட்டர்; சமையல் வழியே அதன் பங்கு 0.4 லிட்டர். 1.4 × 2.4 = 3.36 மி.கி. அதை 16-ஆல் வகுத்தால் 0.21; உணவோடு 0.22. ஈவு 3.7.

இப்போது அந்த வீட்டுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறது, அதில் 0.4 மி.கி. என்று கொள்வோம். குடிப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, சமையலுக்குப் பழைய போர்த் தண்ணீரையே பயன்படுத்தினால்: 0.4 + 0.96 = 1.36 மி.கி. எடையால் வகுத்தால் 0.085, உணவோடு 0.095. ஈவு 1.6. இன்னும் ஒன்றுக்கு மேலேதான். சமையலையும் மாற்றினால் 1.4 × 0.4 = 0.56, எடையால் வகுத்தால் 0.035, உணவோடு 0.045, ஈவு 0.75. நல்ல தண்ணீர் வந்த பிறகும் பாதிப்பு ஏன் நிற்கவில்லை என்று கேட்கும் ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியது சமையலறைக் குடத்தைத்தான்.

அதே 2.4 மி.கி. தண்ணீரைப் பால்பவுடரில் கலந்து 6 கிலோ கைக்குழந்தைக்கு நாளுக்கு 0.8 லிட்டர் கொடுத்தால், தண்ணீர் மட்டுமே 0.32. ஈவு 5-ஐத் தாண்டும். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு. தாய் போர்த் தண்ணீரே குடித்தாலும் குழந்தைக்கு அது பாதுகாப்பு. வீடு வீடாகப் போகும்போது இந்த ஒரு தகவலை மட்டும் சொல்லிவிட்டு வந்தாலும் பலன் உண்டு.

பெரியவருக்கு எலும்புக் கணக்கு. புத்தகப்படி 2 லிட்டர் என்றால் 4.8 மி.கி.; 6-க்குள் நிற்கிறது, பயமில்லை என்று தோன்றும். அதே ஊரில் வெயிலில் வேலை செய்து 4 லிட்டர் குடித்து, சமையல் வழியே இன்னும் 1 லிட்டர் சேர்பவருக்கு 12 மி.கி. தேநீரும் சேர்ந்தால் 14-ஐ நெருங்கிவிடும். ஒரே போர், இரண்டு வேறு முடிவுகள்.

ஈவு 3.7 என்றால் நோய் வர 3.7 மடங்கு வாய்ப்பு என்று பொருளல்ல. தாங்கு அளவைப் போல 3.7 மடங்கு உள்ளே போகிறது, அவ்வளவுதான். அறிக்கையில் இதை ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நாளிதழில் வேறு மாதிரி வரும்.

எதிர்த்திசையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 16 கிலோக் குழந்தைக்கு ஈவு ஒன்றைத் தாண்டாமல் இருக்கத் தண்ணீரில் எவ்வளவு இருக்கலாம்? 0.05 × 16 ÷ 1.4 = 0.57 மி.கி. அதாவது 1.5 என்ற பொறுத்துக்கொள்ளும் எல்லைக்குள் இருக்கும் தண்ணீரும் வெப்பமான ஊரில் சின்னக் குழந்தைக்கு அதிகம். தங்கள் தட்பவெப்பத்தையும் மக்கள் குடிக்கும் அளவையும் பார்த்தே நாடுகள் எல்லையை வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

நைட்ரேட்டையும் சேர்க்கும்போது

கழிவறைக் குழியும் உரமும் உள்ள ஊர்களில் நைட்ரேட்டும் ஏறியிருக்கும். இங்கே ஒரு பொறி உண்டு. நைட்ரேட்டுக்கான தாங்கு அளவு 1.6 என்பது நைட்ரஜனாகக் கணக்கிட்டது. நம் ஆய்வகங்கள் நைட்ரேட்டாகவே எண் தருகின்றன. அதற்கு ஒப்பான தாங்கு அளவு சுமார் 7. தெரியாமல் 1.6-ஆல் வகுத்தால் ஆபத்து 4.4 மடங்கு பெருகித் தெரியும். லிட்டருக்கு 60 மி.கி. நைட்ரேட் உள்ள தண்ணீரை ஒரு லிட்டர் குடிக்கும் 16 கிலோக் குழந்தைக்குச் சரியான ஈவு 0.54. தப்பாக வகுத்தால் 2.3. ஆனால் அதே தண்ணீரில் கரைத்த பால்பவுடர் குடிக்கும் 6 கிலோக் கைக்குழந்தைக்குச் சரியான கணக்கிலேயே ஈவு 1.1.

ஃபுளோரைடு ஈவையும் நைட்ரேட் ஈவையும் கூட்டி 'மொத்த ஆபத்து' என்று போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒன்று பல்லையும் எலும்பையும் தாக்குகிறது. மற்றது ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமப்பதைக் கெடுக்கிறது. ஒரே உறுப்பைத் தாக்குபவற்றைத்தான் கூட்டலாம்.

எக்செல்லில் பத்தாயிரம் முறை எண் உருட்டும் மான்டி கார்லோ முறையை எல்லாரும் செய்கிறார்கள். நூறு வீட்டு எடையும் சொம்புக் கணக்கும் கையில் இருந்தால் அது உண்மையிலேயே உதவும்: நடுவிலிருக்கும் ஆளுக்கு எவ்வளவு, அதிகம் உட்கொள்ளும் ஐந்து சதவீதத்தாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். எடையும் குடிக்கும் அளவும் சேர்ந்தே ஏறும் என்பதைக் கணினிக்குச் சொல்ல மறக்காதீர்கள். இல்லையேல் 10 கிலோக் குழந்தை 4 லிட்டர் குடிப்பதாகக் கணக்குப் போடும். பன்னிரண்டு தண்ணீர் மாதிரியும் புத்தக எடையும் மட்டும் இருந்தால் அதைச் செய்யாதீர்கள். துல்லியம் போன்ற தோற்றம்தான் மிஞ்சும்.

பற்களோடு ஒப்பிடுவது

கணக்கு சரியா என்பதை ஊர்ப் பள்ளியில் பார்க்கலாம். பல் மருத்துவர் ஒருவரோடு 8 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் பற்களை, ஃபுளோரைடுக் கறையின் கடுமைக்கு எண் தரும் டீன் அளவுகோலில் பதியுங்கள். சந்தேகத்துக்கு 0.5, மிக லேசுக்கு 1, லேசுக்கு 2, நடுத்தரத்துக்கு 3, கடுமைக்கு 4. எல்லாவற்றையும் கூட்டிப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் சமூகக் குறியீடு 0.6-ஐத் தாண்டினால் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை. ஃபுளோரைடுக் கறை இடமும் வலமும் ஒரே மாதிரி, குறுக்குக் கோடுகளாகப் பல்லின் பூச்சுக்குள் இருக்கும். ஈறு ஓரத்தில் மட்டும் படிந்து, சுரண்டினால் வருவது வேறு கறை.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன்பல் அதன் முதல் சில வருடத்துத் தண்ணீரைச் சொல்லும், இன்றைய தண்ணீரை அல்ல. ஒகேனக்கல் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. இணைப்பு உங்கள் ஊருக்கு எந்த வருடம் வந்தது என்று கேட்டு, அதற்கு முன் பிறந்த பிள்ளைகளையும் பின் பிறந்த பிள்ளைகளையும் பிரித்துப் பார்த்தால், திட்டம் வேலை செய்ததா என்பது பல்லிலேயே தெரியும்.

முடிவை ஊருக்குச் சொல்வது

கிராம சபையில் ஈவு, தாங்கு அளவு என்று பேசி முடித்தால் ஒன்றும் நடக்காது. போர் வாரியாகச் சொல்லுங்கள்: இது குடிக்க, சமைக்க ஆகும், இது குளிக்க, துவைக்க, மாட்டுக்கொட்டகை கழுவ மட்டும். பம்பிலேயே சாயம் அடித்து எழுதுவது நல்லது. கூட்டுக் குடிநீர் வாரத்தில் சில நாள்தான் வருமானால், இருக்கும் அளவைக் கைக்குழந்தைக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் ஒதுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கான சமையலும் அதில்தான். கூரையில் பிடித்த மழைநீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு என்பதால், சுத்தமாகச் சேமிக்க முடிந்தால் சமையலுக்கு நன்று. காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் அறிவுரை கிருமிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ஆர்.ஓ. இயந்திரமும் ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டியும் ஃபுளோரைடை நீக்கும். ஆனால் சவ்வு தேய்ந்தாலோ, அலுமினாவைப் புதுப்பிக்காமல் விட்டாலோ வெளியே வரும் தண்ணீரின் நிறமும் சுவையும் மாறாது. அதனால் வெளிக்குழாயில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

போரை ஆழப்படுத்தினாலோ, புதுப் போரைத் தொட்டியோடு இணைத்தாலோ பழைய எண் செல்லாது. அன்றே புது மாதிரி எடுத்து, ஆழத்தையும் தேதியையும் அதே நோட்டில் எழுதி, அந்தத் தண்ணீர் போகும் வீடுகளுக்கு மட்டும் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.